ஒல்லாந்துச் சிங்கத்தின் சிவப்பு

கற்பூரத்தில கை வைச்சுச் சத்தியம் பண்ணினவன் நான். அதால கதைக்கு முதல் அந்தச் சத்தியத்தச் சொல்லிப்போடுறன். "கொண்டு போற சிங்கத்தையே திருப்பிக் கொண்டு வருவன்." இவ்வளவுதான். மாமா முன்னால, நாலு ஆம்பிளையள் பாத்துக்கொண்டு நிக்க, காளியம்மாளுக்கு முன்னால சொன்னன். உள்ளங்கை சுட்டது. அந்தச் சூட்ட இண்டைக்கும் நான் மறக்கல்ல.

சிங்கம் எண்டா மரச்சிங்கம். எங்கட ஊர் குருக்கள்மடத்துப் பக்கம், ஒரு புறம் கடல், மறுபுறம் ஆறு. மற்றவங்க வாவி எண்டு எழுதுவாங்க, நாங்க ஆறு எண்டுதான் சொல்லுவம். எங்கட பாட்டன் பூட்டன் காலத்துக்கு முந்தி ஒல்லாந்தர்ட போர்க்கப்பல் ஒண்டு கடல்ல உடைஞ்சு, அதுட மூக்கில இருந்த சிங்கம் கரையில ஒதுங்கினதாம். சிங்கத்தக் கண்டா எங்கட ஆக்களுக்கு வேற என்ன நினைப்பு வரும்? அம்மாளுக்கு வாகனம் வந்திருக்கு எண்டு தூக்கிக்கொண்டு போய்க் கோயில்ல வைச்சிட்டாங்க. மூணு முழ நீளம். என்ன மரமெண்டு எந்தத் தச்சனுக்கும் தெரியாது. அவ்வளவு பாரம். நாலு ஆம்பிளையள் முழங்கால மடக்கித்தான் தூக்க ஏலும்.

வருசா வருசம் வைகாசிச் சடங்குக்கு முதல் அதுக்கு மஞ்சள் பூசவேணும். சுறா நெய்யில குழைச்ச மஞ்சள். பூசுற உரிமை எங்கட குடிக்கு. எங்கட பக்கம் குடி தாய்வழியாத்தான் வரும், அப்ப மாமன்ட உரிமை மகனுக்குப் போகாது, அக்கா தங்கச்சி பெத்த மருமகனுக்குத்தான் போகும். என்ட மாமா அந்த நேரம் கோயிலுக்கு வண்ணக்கர், அதாவது கோயில் காரியம் முழுக்க அவர்ட பொறுப்பு. பூசுற வேலைய என்ட கையில தந்திட்டார். பதினெட்டு வயசில தொடங்கினன். ஒரு கட்டளை இருந்தது: பழசச் சுரண்டப்படாது, மேல மேலதான் பூசவேணும். அம்மாள்ட சிங்கத்தில ஆயுதம் படக்கூடாதாம். இப்படிப் பூசிப் பூசி அதுட மூஞ்சி கூகைக்கட்டு வந்த புள்ளையிட மூஞ்சி மாதிரி வீங்கிப் போச்சு. சிரிக்குதோ உறுமுதோ எண்டு ஒருத்தருக்கும் விளங்காது.

எனக்குப் பட்டணத்துக் கந்தோர் ஒண்டில படம் கீறுற வேலை. குளம், வாய்க்கால், மதகு எல்லாத்தையும் அளவு பிசகாமக் கீறிக் குடுப்பன். எங்களுக்கு மேல இருந்த துரைக்கு ஒரு விசர் இருந்தது. பழைய காலத்து மரப் போர்க்கப்பல்கள அச்சொட்டா, முழ நீளத்தில செய்து வைப்பார். கல்லடியில அவர்ட பங்களாவுக்குப் போனா மேசை, அலுமாரி, வாங்கு எல்லாத்திலயும் கப்பல்தான். என்ட கை சுத்தம் எண்டு ஞாயிற்றுக்கிழமையில என்னையும் கூப்பிட்டு வேலை தருவார். நானும் விருப்பத்தோடதான் போனன், பொய் சொல்லப்படாது.

அவருக்கு ஒரு மனக்குறை. கப்பல்ட நீளம் புத்தகத்தில இருக்கு. பீரங்கி எத்தனை, கயிறு என்ன தடிப்பு எல்லாம் இருக்கு. நிறம் மட்டும் இல்ல. பழைய படமெல்லாம் கறுப்பு மையில அச்சடிச்சது. கப்பல் தாண்டு போச்சு, மரம் உக்கிப் போச்சு, பெயின்ட் எங்க இருக்கப் போகுது? "எல்லாரும் குத்துமதிப்பாப் பூசுறாங்க, மெய்யான நிறம் கண்டவன் ஒருத்தனும் இல்ல" எண்டு கவலைப்படுவார். அண்டைக்கெண்டு என்ட வாயில ஒரு கொழுக்கட்டை இருந்திருக்கக் கூடாதா? "ஐயா, எங்கட கோயில்ல ஒல்லாந்துக் கப்பல் சிங்கம் ஒண்டு இருக்கு" எண்டன். கையில இருந்த சின்னப் பாய்மரத்த மேசையில வைச்சிட்டு என்னையே பாத்தார்.

மாமாட்டக் கேட்டன். சுரண்டப்படாது எண்டார். கெஞ்சினன். மாமாவுக்கு நான் எண்டா உசிர். அவர்ட மகள், என்ட மச்சாள், எனக்குத்தான் எண்டு அவள் பாவாடை கட்டுற வயசில இருந்தே பேச்சு. கடைசியில ஒரு இடம் விட்டுத் தந்தார். இடது காதுக்குப் பின்னால, நகக்கண் அளவு. அதுக்கு மேல ஒரு கீறல் விழுந்தாலும் தான் பொறுப்பில்ல எண்டு சொல்லித்தான் விட்டார்.

அந்த நகக்கண் அளவுக்குள்ள எனக்கு நாலு மாசம் போச்சு. சவரக்கத்தி நுனியால ஒவ்வொரு பூச்சா, படிக்கட்டு வெட்டுற மாதிரி இறங்கினன். மேல எல்லாம் மஞ்சள். நடுவில ஒரு வெள்ளை, அந்த வருசம் மஞ்சள் கிடைக்கல்லப் போல. ஒரு இடத்தில பச்சை, ஆரோ தோணிக்குப் பூசி மிஞ்சினத அம்மாள்ட சிங்கத்துக்கு அடிச்சிருக்கான், நல்லா ஏச்சு வாங்கியிருப்பான். அதுகளுக்கெல்லாம் அடியில மரத்தோட ஒட்டின பூச்சு கறுப்பு. துரை பூதக்கண்ணாடியால பாத்திட்டுக் கொப்பியில எழுதினார்: சிங்கம் கறுப்பு.

நான் ஏற்கல்ல. அந்தக் கறுப்புக்குள்ள, மரத்தோட ஒட்டின பக்கம், ஊசிமுனை அளவில சிவப்பு ஒண்டு எனக்குத் தெரிஞ்சது. துரை அது மரத்திட நிறம் எண்டார். எனக்கு விட மனமில்ல. செந்தூரத்த எண்ணெயில குழைச்சுப் பலகையில பூசி, எங்கட வளவுக்குப் பின்னால ஆத்தோரத்தில நட்டு வைச்சன். கோடையில அந்தச் சேறு அழுகிக் கூழ்முட்டை மாதிரி நாறும். வெயிலும் அந்த நாத்தமும் சேந்து எட்டு மாசத்தில என்ட செந்தூரத்தக் கறுப்பாக்கிப்போட்டுது. மேலால கறுப்பு, சுரண்டினா உள்ளுக்குச் சிவப்பு. பலகையக் கொண்டுபோய்த் துரையிட மேசையில வைச்சன்.

"கறுப்பில்ல ஐயா. இது செத்த சிவப்பு."

அவர் பலகைய ஒருக்கா, கொப்பிய ஒருக்கா பாத்தார். எழுதினத வெட்டிப்போட்டு எழும்பி வந்து என்ட கையப் பிடிச்சுக் குலுக்கினார். அந்தக் காலத்தில ஒரு வெள்ளைக்காரன் எங்களுக்குக் கை தாறது லேசுப்பட்ட காரியமில்ல. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. அந்த நகக்கண் அளவு இடத்துட ஓரத்தில, பிடரி மயிர் தொடங்குற இடத்தில, தங்கத்தகடு ஒட்டியிருந்ததையும் நான்தான் மறுகா கண்டுபிடிச்சன். சிவப்புச் சிங்கம், தங்கப் பிடரி. எத்தனையோ தலைமுறைக்கு முந்தி கடல்ல வந்த மாதிரியே அத என்ட மனக்கண்ணால பாத்த முதல் ஆள் நான்.

துரைக்கு ஊருக்குப் போற காலம் வந்தது. போறதுக்கு முதல் ஒரு ஆசை சொன்னார். கோயில் சிங்கத்தில நாங்க கைவைக்க ஒண்ணாது. அதே அளவில வேற ஒண்டு கொத்துவிச்சு, அதில அந்தப் பழைய நிறத்தப் பூசுவம். அந்த நகலத் தான் சீமைக்குக் கொண்டு போறதாச் சொன்னார். நியாயமான பேச்சாத்தான் பட்டது. எனக்கும் அந்தச் சிவப்ப முழுசாப் பாக்க ஆசை. ஆனா அளவெடுத்துக் கொத்தச் சிங்கம் கல்லடிக்குப் போகவேணும். அதுக்குத்தான் நான் கற்பூரத்தில கை வைச்சன். தைப்பொங்கல் முடிஞ்ச கையோட நாலு பேர் சிங்கத்தத் தூக்கி வள்ளத்தில ஏத்தினாங்க. வள்ளம் ஒரு பக்கம் சரிஞ்சது. மாமா கரையில நிண்டு, "வைகாசிக்கு முதல், மனே" எண்டார்.

கொத்துறதுக்கு நான் கூட்டிக்கொண்டு போனது என்ட கூட்டாளிய. தச்சன். நானும் அவனும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வாங்கு. ஒரு மாம்பழத்தக் கடிச்சுக் கடிச்சு மாறித் தின்ட ஆக்கள். அவனப்போல உளி பிடிக்கிறவன் இந்தப் பக்கத்தில இல்ல எண்டு துரைக்குச் சொன்னவனும் நான்தான். கொள்ளிக்கட்டைய எடுத்து என்ட தலைய நானே சொறிஞ்சிருக்கன், வேற என்ன.

பங்களா விறாந்தையில வேலை நடந்தது. அவன் மலைவேம்பு எடுத்திருந்தான். "ஏன்டா இவ்வளவு லேசான மரம்?" எண்டு கேட்டன். பெட்டியில போட்டுக் கப்பல்ல ஏத்த லேசா இருக்கட்டும் எண்டு துரை சொன்னாராம். சரி எண்டன். மறுகா பாத்தா, அவன் வீங்கின மூஞ்சிய வீக்கத்தோடயே கொத்திறான். எனக்குக் கோவம் வந்திட்டு. "டேய், உள்ளுக்குக் கிடக்கிற மூஞ்சி வேற. இது எங்கட ஆக்கள் பூசின பெயின்ட். இதையும் சேத்துக் கொத்தினா அது எப்படி ஒல்லாந்துச் சிங்கமாகும்?" அவன் தலை நிமிராமச் சொன்னான்: "கண்ணுக்குத் தெரியிறதத்தான் நான் கொத்துவன், மச்சான்." துரையிட்ட முறையிட்டன். நிறம் சரியா இருந்தாக் காணும் எண்டு சிரிச்சார். கப்பல்ட ஒரு ஆணி பிசகினாலும் சாப்பிடாமக் கிடக்கிற மனுசன், அண்டைக்குச் சிரிச்சார். அதுக்கு மேலயும் எனக்கு விளங்கல்ல எண்டா என்ட மண்டைக்குள்ள இருந்தது களிமண்தான்.

பூசினது நான். என்ட சீவியத்தில அதப்போல ஒரு வேலை முந்தியும் செய்யல்ல, பிந்தியும் செய்யல்ல. முதல்ல சாம்பல் நிறத்தில ஒரு பூச்சு. அதுக்கு மேல செந்தூரம், மூணு தரம், ஒவ்வொண்டும் காய்ஞ்சு கல்லானாப் பிறகுதான் மற்றது. கடைசிப் பூச்சு ஈரமாக் கிடக்கக்குள்ள விறாந்தையோரத்து மாமரத்தில இருந்து ஒரு முசுறு எறும்பு விழுந்து இடது காதுக்குப் பின்னால ஒட்டிப்போச்சு. எடுத்தா அடையாளம் விழும். கிடக்கட்டும் எண்டு விட்டிட்டன். பிடரிக்குத் தங்கத்தகடு ஒட்டி முடிச்சு விறாந்தையில ரெண்டு சிங்கத்தையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாத்தம். ஒண்டு மஞ்சள் கிழவன். மற்றது நெருப்பு. என்ட கூட்டாளி என்ட தோள்ல கை போட்டுக்கொண்டு நிண்டான். பெட்டி மூடியில வெள்ளைப் பெயின்டால "நகல்" எண்டு இங்கிலீசில எழுதச் சொன்னார். அதையும் என்ட கையாலயே வடிவா எழுதிக் குடுத்தன்.

சித்திரை கடைசியில என்ட சித்தப்பா செத்துப் போனார், அப்பாட தம்பி. முப்பத்தொரு நாள் துடக்கு. துடக்குக்காரன் கோயிலுக்குப் போகக்கூடாது, கோயில் சாமான்ல கை படக்கூடாது. சிங்கத்துக்கு இன்னும் அந்த வருசத்து மஞ்சள் பூசல்ல. வேற வழியில்ல. கூட்டாளிய வளவு வாசல்லயே நிப்பாட்டிச் சொன்னன்: "டேய், நீதான் பூசி, வள்ளத்தில ஏத்தி, மாமாட கையில ஒப்படைக்கவேணும். என்ட சத்தியம் உன்ட கையில." அவன் "யோசியாத மச்சான்" எண்டான். இந்த ரெண்டு சொல்லு எனக்கு இப்பவும் காதில கேக்கும்.

சடங்கண்டைக்குக் கோயில் வீதிக்கு வெளியால, பூவரச மரத்துக்குக் கீழ நிண்டு பாத்தன். புது மஞ்சள்ல சிங்கம் வந்தது. நாலு பேர் முழங்கால மடக்கி, பல்லக் கடிச்சுக்கொண்டு தூக்கிக்கொண்டு வந்தாங்க. அப்பாடா எண்டு பெருமூச்சு விட்டன். துரை அதுக்கு முதல் கிழமையே பெட்டியோட போயிட்டார்.

அதுக்குப் பிறகு மாமா மாறிப்போனார். முந்தியெண்டா வாசல்ல என்னைக் கண்டா "வா மனே, தின்டிட்டுப் போ" எண்டு சொல்லுவார். இப்ப "என்ன?" எண்டு மட்டும் கேப்பார். ஆடி மாசம் மச்சாளுக்கு வேற இடத்தில கலியாணம் பேசினாங்க, வாத்தியார் மாப்பிள்ளை. என்ட அம்மா தலையில அடிச்சுக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு ஓடினா. திரும்பி வந்து நேரா அடுப்படிக்குள்ள போயிட்டா. வாத்தியார்ட உத்தியோகத்தக் கண்டு மாமா மனசு மாறிட்டார் எண்டு நான் நினைச்சன். ரோசத்தில கலியாண வீட்டுக்கு முதல் ஆளாப் போய்ப் பந்தல் கட்டினன். வெத்திலைத் தட்டம் தூக்கினன். மச்சாள் என்னை ஒருக்காப் பாத்தாள். என்ன பார்வை எண்டு எனக்கு விளங்கல்ல. பாவம் எண்டு பாக்கிறாள் எண்டு நினைச்சன்.

அடுத்த வைகாசி வந்தது. குடி உரிமைய மாமாவாலயும் மறிக்க ஒண்ணாது, பூச வரச் சொல்லி ஆள் அனுப்பினார். வழமையில்லாம அவரும் வந்து கோயில் களஞ்சிய அறை வாசல்ல கை கட்டிக்கொண்டு நிண்டார். நான் சிங்கத்தக் கழுவிப்போட்டு என்ட பழைய படிக்கட்டத் தேடினன். இடது காதுக்குப் பின்னால மெழுகு வைச்சு அடைச்சிருந்தன். மெழுகு இல்ல. நகத்தால சுரண்டினன். ஒரு மஞ்சள், ஒரே ஒரு மஞ்சள். அதுக்குக் கீழ பளிச்செண்டு சிவப்பு.

என்ட சிவப்பு எனக்குத் தெரியாதா? பெத்த புள்ளைய அடையாளம் கேக்கிற மாதிரித்தான். ஆனாலும் மனசு ஒப்பல்ல. இன்னும் கொஞ்சம் சுரண்டினன். முசுறு கிடந்தது, கால விரிச்சுக்கொண்டு, விழுந்த மாதிரியே.

அடியில கை குடுத்துச் சிங்கத்தத் தூக்கிப் பாத்தன். ஒரு கையோட எழும்பினது. வாசல்ல இருந்து மாமா, "என்ன?" எண்டார்.

"ஒண்டுமில்ல மாமா."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் நிண்டார். நான் மஞ்சளக் குழைச்சு, முசுறுக்கு மேலயும் பூசினன். சத்தியம் பண்ணினவன் நான். பெட்டியில "நகல்" எண்டு எழுதினவனும் நான். ஆர் நம்புவாங்க? வாயத் திறந்தா ஊர் என்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டும் எண்டு பயந்தன். அதுதான் உண்மை.

நேரா கூட்டாளிட பட்டறைக்குப் போனன். கட்டில் கால் கடைஞ்சுகொண்டிருந்தான். பக்கத்தில புது உளிப்பெட்டி, சீமையில செய்தது, பித்தளைப் பூண் போட்டது. துரை தந்திட்டுப் போனார் எண்டு முந்தியே சொல்லியிருந்தான். நானும் சந்தோசப்பட்டிருந்தன்.

"எங்கடா சிங்கம்?" எண்டன்.

அவன் பொய் சொல்லல்ல. சொல்லியிருந்தாலும் பரவாயில்ல. "துரை முதல் நாளே மாத்தித் தரச் சொல்லிக் கேட்டார், நான் ஓம் எண்டன். உனக்குச் சொன்னா நீ விடமாட்டாய் எண்டு தெரியும்" எண்டான்.

"முதல் நாளே எண்டா? வீக்கத்த வீக்கத்தோட கொத்தினது?"

"ஓம்."

"நான் பூசினது?"

"பூசினத நான் தொடல்ல மச்சான். எனக்கும் மனசு வரல்ல. பிடரித் தங்கத்தையும் கழட்டல்ல. அப்படியே மேலால மஞ்சள் அடிச்சன்." மறுகா உளியக் கீழ வைச்சான். "நீ கோவிப்பாய். ஆனா யோசிச்சுப் பார். நான் கொத்தினது சீமையில ஆர்டயோ வீட்டு மூலையில விளையாட்டுச் சாமானாக் கிடந்திருக்கும். இப்ப அம்மாள் அதில ஏறி வாறா. ஊரே கும்பிடுது. ஒரு தச்சனுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?"

அடிச்சன். வாயில இரத்தம் வந்தது. அவன் திருப்பி அடிக்கல்ல. அதுக்குப் பிறகு அவனோட நான் கதைக்கல்ல, அவன் செத்த வீட்டுக்கும் போகல்ல. என்ட சத்தியத்த வைச்சு அவன் சாமி செய்துபோட்டான். துரோகம் செய்தது மட்டுமில்ல, அதில அவனுக்குச் சந்தோசமும் இருந்தது. அதத்தான் எனக்கு இன்னும் சமிக்க ஏலாமக் கிடக்கு.

துரைக்குக் காயிதம் எழுதினன், மரியாதையில்லாமத்தான். பல மாசம் கழிச்சு ஒரு உறை வந்தது. காயிதத்தில சுகம் விசாரிச்சு நாலு வரி. கோயில் சிங்கத்தப் பத்தி மூச்சும் இல்ல. உள்ளுக்கு ஒரு போட்டோ: அவர் முடிச்ச கப்பல், மூக்கில சின்னச் சிங்கம். நாம கண்டுபிடிச்ச நிறத்தயே பூசியிருக்கன் எண்டு பின்னால எழுதியிருந்தது. போட்டோவில அந்தச் சிங்கம் கறுப்பு. எல்லாப் போட்டோவிலயும் சிவப்புக் கறுப்பாத்தான் விழும். நான் இருந்திட்டு வாய்விட்டுச் சிரிச்சன். அம்மா பயந்துபோய் எட்டிப் பாத்தா.

உலக யுத்தம் வந்தது. அரிசி கூப்பனுக்கு வந்தது, ஆத்துக்கு மேலால ஆகாயக் கப்பல் இரைஞ்சுகொண்டு போச்சு. ஆனா ஒவ்வொரு வைகாசியும் நான் மலைவேம்புக்கு மஞ்சள் பூசினன். ஒவ்வொரு சடங்குக்கும் நாலு பேர் முழங்கால மடக்கி முக்கி முக்கி அதத் தூக்கிக்கொண்டு வந்தாங்க. ஒருத்தன் நெத்தி வேர்வைய வழிச்சு வழிச்சு விடுவான். எனக்குள்ள எரிச்சலும் வரும், சிரிப்பும் வரும். ஒரு கையால தூக்கிற சாமானுக்கு இந்த மடையன்கள் என்ன பாடுபடுறாங்க, பழக்கதோசத்தில பாரம் குறைஞ்சதும் விளங்குதில்லப் போல எண்டு நினைப்பன். ஊர முழுக்க ஏமாத்துறன் எண்டு வயிறும் எரியும். அப்படி ஏழு வருசம்.

யுத்தம் முடிஞ்ச வருசம் மாமா படுக்கையில விழுந்தார். கால்ல தொடங்கின வீக்கம் வயித்துக்கு வந்திட்டு. ஒரு பின்னேரம் பாக்கப் போனன். மச்சாள் தகப்பனப் பாக்க வந்திருந்தாள், கதவுநிலையில சாஞ்சுகொண்டு நிண்டாள். இனிப் பொறுக்க ஒண்ணா எண்டு எனக்குத் தோணினது. கட்டிலுக்குப் பக்கத்தில இருந்து எல்லாத்தையும் சொன்னன். துரை, கூட்டாளி, துடக்கு, முசுறு எல்லாம். சொல்லி முடிய, கோயில்ல இருக்கிறது எங்கட சிங்கமில்ல மாமா எண்டன்.

மாமா கண் திறக்காமச் சொன்னார். "தெரியும்."

"எப்ப இருந்து?"

"வள்ளத்தால இறக்கின அண்டைக்கே. நாலு பேர் போனம். ரெண்டு பேருக்கே பாரமில்ல. ஆராவது கண்டிடுவாங்க எண்டு நாலு பேரையும் பிடிக்கச் சொல்லி, பாரமாத் தூக்குற மாதிரித் தூக்குங்கடா எண்டன்."

"அப்ப அவங்களுக்கும் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும். உன்ட அம்மாவுக்கும் தெரியும். நீதான் துரைக்குக் குடுத்திட்டாய் எண்டு. குடிட பேர் கெட்டுப்போகும், அவள்ட புள்ளைய ஊர் அடிச்சுக் கலைக்கும் எண்டு ஒருத்தரையும் வாய் திறக்க விடல்ல நான். அவங்களும் எனக்காகத் தூக்கினாங்க."

"ஏன் மாமா என்னட்ட ஒரு கேள்வி கேக்கல்ல? ஒரு கேள்வி!"

அவர் கண் திறந்தார். "கேட்டா நீ ஓம் எண்டு சொல்லிப்போடுவாய் எண்டு பயமாக் கிடந்தது, மனே. அடுத்த வருசம் பூச வந்த அண்டைக்கு வாசல்ல வந்து நிண்டன். நீ சுரண்டிப் பாத்தாய். இப்ப சொல்லுவான், இப்ப சொல்லுவான் எண்டு நிண்டன். நீ ஒண்டுமில்ல எண்டாய்."

ஆருக்கு ஆர் என்ன செய்தம் எண்டு எனக்குப் பிடிபடல்ல. துரை களவெடுத்தான், சரி, அவன் வேற ஆள். கூட்டாளி ஏமாத்தினான், அவன்ட ஆசை அவனுக்கு. ஆனா என்னைப் பெத்தவளும் என்னைத் தூக்கி வளத்தவரும் நான் கற்பூரத்தில கை வைச்சுப் பொய் சொன்னவன் எண்டு நம்பிக்கொண்டு, எனக்குச் சோறும் போட்டிருக்காங்க. அதுக்கு நான் ஆர்ட வாயில அடிக்கிறது? எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. எழும்பி வாசலுக்கு வந்தன். மச்சாள் விலகி வழி விடல்ல.

"ஒரு சொல்லு மச்சான்," எண்டாள். "எனக்குப் பேசின அண்டைக்கு, ஏன் எண்டு ஒரு சொல்லு கேட்டிருந்தா அப்பா கலியாணத்த நிப்பாட்டியிருப்பார். நான் பந்தலுக்குள்ள வரைக்கும் பாத்துக்கொண்டிருந்தன்." அவள்ட சின்னது அவள்ட சீலைத் தலைப்ப இழுத்தது. தூக்கி இடுப்பில வைச்சுக்கொண்டு உள்ள போயிட்டாள்.

மாமா அடுத்த மாசியில செத்தார். மாமன்ட இடம் மருமகனுக்கு எண்டு வண்ணக்கர் பொறுப்பு என்னட்ட வந்தது. அதையும் ஒருத்தரும் மறிக்கல்ல. நான் சிங்கத்தக் குடுக்கல்ல எண்டு மாமா அவங்களுக்குச் சொன்னாரோ இல்லையோ எனக்குத் தெரியாது. நான் கேக்கல்ல. கேக்கிற பழக்கம் எங்கட குடியில இல்லப் போல.

வைகாசிச் சடங்கண்டைக்குத் தூக்கிற நாலு பேர்ல ஒருத்தனுக்குக் கால்ல ஆணி. வீதியில சனம் நிறைஞ்சு நிக்குது, மேளம் அடிக்குது. மூத்தவன் சிங்கத்துக்குப் பக்கத்தில நிண்டு என்னைப் பாத்தான். கண்ணில ஒரு கேள்வியும் இல்ல, கோவமும் இல்ல. "வாங்க வண்ணக்கர், ஒரு பக்கம் பிடியுங்க" எண்டான்.

இடது முன்பக்கம் எனக்கு. காதுக்குப் பின்னாலதான் என்ட மூஞ்சி இருந்தது. குனிஞ்சு கை குடுத்தன். பாரமெண்டு ஒண்டும் இல்ல, நாலு பேர் கையில அது பஞ்சு. பக்கத்தில நிண்டவன் பல்லக் கடிச்சுக்கொண்டு முழங்கால மடக்கினான். எதிர்ப்பக்கம் நிண்ட மற்ற ரெண்டு பேரும் மடக்கினாங்க. நானும் முழங்கால மடக்கி, மூச்சப் பிடிச்சு, "ம்ம்" எண்டு முக்கித் தூக்கினன்.